நாங்கள் என்று ஜெபித்தவர்

சோபாக்காரரை இதை எழுதுகிறவன் முதன்முதலில் பார்த்தபோது அவர் வாய் நிறைய ஆணி இருந்தது. கிராமத்திலிருந்து வந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, வேலையும் வாங்கி, அந்தப் பெருமையில் பழைய சாமான் கடையில் ஒரு சுழல் நாற்காலியும் வாங்கியாயிற்று. உட்கார்ந்த முதல் நாளே இருக்கை கிழிந்து பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது. அதைத் தலையில் சுமந்துகொண்டு போய்ப் பட்டறை வாசலில் நின்று, "ஐயா, இது எப்போ கிடைக்கும்?" என்று கேட்டதற்கு அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நாளா, ஒரு வாரமா, ஒரு மாதமா என்று விளங்கவில்லை. "பொறு" என்றுதான் அர்த்தமாம். உதடுகளுக்கு நடுவிலிருந்து ஒவ்வோர் ஆணியாக நாக்கால் தள்ளி, காந்தச் சுத்தியலின் முனையில் ஒட்டவைத்து, டொக் டொக்கென்று அடித்து, கடைசி ஆணியும் தீர்ந்த பிறகே வாய் திறந்தார்.

"வாயில ஆணி இருக்கறப்ப மட்டும்தான் நான் ஒழுங்கா இருப்பேன்," என்றார்.

அதன் பொருள் விளங்கப் பல மாலைகள் ஆயின. விளங்கியதை எழுதலாமா என்று கேட்டபோது, தன் சம்மதம் மட்டும் போதாது, தம்பி மனைவியையும் கேட்க வேண்டும் என்றார். கேட்டாயிற்று. அந்த அம்மா, "எழுதுங்க. ஆனா அழகுக்காக எதையும் சேக்காதீங்க," என்றார்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி பள்ளிக்கூடத்துப் பையன். அண்ணன்தான் சோறு போட்டு, தலை சீவி, அடித்து, அணைத்து வளர்த்தார். தனக்கொரு பெண் பார்க்க நேரமில்லாமல் தம்பிக்குப் பெண் பார்த்து முடித்தார். தொழிலையும் சொல்லிக் கொடுத்தார். பட்டறையில் ஆளுக்கொரு ராஜ்யம். மரச்சட்டம், ஸ்பிரிங், கோணி, ஃபோம், ஆணி எல்லாம் அண்ணன் பக்கம். துணி, கத்தரி, தையல் மெஷின் தம்பி பக்கம். ஒரு சோபாவுக்கு அண்ணன் கையில் எலும்பு முளைக்கும். தம்பி கையில் தோல் வரும்.

"எங்க அண்ணன் அடிக்கிற ஆளு, நான் ஒட்டுப்போடுற ஆளு," என்று தம்பி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ராஜ்யமும் ஒன்றாகும். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு நீள ஹால், அதுதான் அவர்கள் சபை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், முன்னால் ஒரு மைக். "இப்ப நம்ம மூத்த சகோதரர் ஜெபத்துல நடத்துவாரு," என்று பாஸ்டர் சொன்னதும், சோபாக்காரர் சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு எழுந்து வருவார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனால் கண்ணை மூடினால் வேதத் தமிழ் அருவியாகக் கொட்டும். "நாங்கள் மண்ணானவர்கள், நாங்கள் வழி தவறியவர்கள், எங்கள் குற்றங்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டன" என்று அவர் ஏற்றி இறக்கிச் சொல்லும்போது பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் ஓசை கேட்கும். அந்த ஓசையை அவர் கேட்பார். அது எந்த வாக்கியத்தில் வரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

சபையைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா ஒருநாள் எழுந்து, "ஆண்டவரே, நாமெல்லாம் பாவிங்க," என்று ஜெபித்தாள். கூட்டம் முடிந்ததும் சோபாக்காரர் மாடிப்படியில் அவளை நிறுத்தினார்.

"அக்கா, 'நாம'ன்னு சொல்லக் கூடாது. 'நாங்கள்'னு சொல்லணும்."

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா?"

"எப்படி ஒண்ணாகும்? 'நாம'ன்னா கேக்கறவரையும் சேத்துச் சொல்றது. ஆண்டவரையும் பாவிங்க கூட்டத்துல உக்கார வச்சிட்டீங்களே!"

"ஐயோ!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னால் இறங்கிவந்த தம்பி, "விடுக்கா, ஆண்டவர் இலக்கணமெல்லாம் பாக்க மாட்டாரு. எங்க அண்ணன்தான் பாப்பாரு," என்றான். படியில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து சபையின் இளவட்டங்கள் அவருக்கு 'நாங்கள் ஐயா' என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. கேலியென்று அவர் நினைக்கவில்லை, பட்டமென்றே வைத்துக்கொண்டார். அந்த அக்கா அதற்குப் பிறகு வாய்விட்டு ஜெபிக்கவில்லை என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

தம்பிக்குக் கல்யாணமாகி நெடுநாள் குழந்தையில்லை. ஒரு நாள் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவன் காலை நிறுத்தினான். சத்தம் நின்றதும் அண்ணன் ஆணி வாயோடு திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, அவ முழுகாம இருந்தா. மூணு மாசம். போன வாரம் கலைஞ்சுபோச்சு."

அவர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார்.

"யார்கிட்டயும் சொல்லலை. அவங்க அம்மாவுக்கே தெரியாது. வெளியே தெரிஞ்சா தாங்க மாட்டேங்கறா. எனக்கு முட்டி போட்டா ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. சுவத்தோட பேசுற மாதிரி இருக்கு. நீ எங்களுக்காகக் கேளு அண்ணே. உனக்குத்தான் நல்லா வருமே."

அவர் எழுந்துபோய்த் தம்பியின் தலையில் கை வைத்தார். கண் கலங்கியது. அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த வாரம் முழுக்கச் சுத்தியல் அடிக்க அடிக்க அவருக்குள் வாக்கியங்கள் வந்தன. துளிர்த்த தளிர், உதிர்ந்த மொட்டு, தாயின் கண்ணீர் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டார். ஓரிடத்தில் வாக்கியம் சரியாக வந்து இறங்கவில்லை. அதற்கும் ஒரு சொல் கிடைத்தது. வேலையில் கை சுறுசுறுப்பானது.

ஞாயிற்றுக்கிழமை அவர் மைக்கைப் பிடித்தார். "ஆண்டவரே, என் உடன்பிறந்தவனின் வீட்டில் துளிர்த்த தளிர், மலரும் முன்னே உதிர்ந்துபோயிற்றே! அந்தத் தாயின் கண்ணீரைக் காண்கிறவரே, அவர்களுடைய அவிசுவாசத்தை மன்னித்து, அவர்கள் கர்ப்பத்தின் கனியை ஆசீர்வதியும்!"

பெண்கள் பக்கம் விம்மலாகப் பொங்கியது. நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தரையில் கரகரவென்று பின்னால் நகர்ந்தது. ஆண்கள் பக்கத்தில் இன்னொன்று. கண்ணை மூடியிருந்தும், வாசலை நோக்கிப் போகும் காலடி யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து கேட்டுப் பழகிய காலடி. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை. ஜெபம் பாதியில் நின்றுவிடுமே! முழுதாகச் சொல்லி முடித்தார். சபை ஒரே குரலில் ஆமென் என்றது.

கீழே டயர் அடுக்குகளுக்கு நடுவே தம்பி காத்திருந்தான்.

"ஆண்டவர்கிட்ட கேளுன்னு சொன்னேன்."

"அவர்கிட்டத்தானேடா கேட்டேன்?"

"அவருக்குக் கேக்க மைக் எதுக்கு அண்ணே?"

தம்பி மனைவி அவன் பக்கத்தில் நின்றாள். படியிறங்கி வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் கையைப் பிடித்து, "கவலைப்படாதேம்மா, நாங்க ஜெபிக்கிறோம்," என்றார்கள். ஒவ்வொரு கை படும்போதும் அவள் இன்னும் கொஞ்சம் குறுகினாள்.

அந்த வாரமே தம்பி பட்டறைக்கு வந்து தன் கத்தரியை மட்டும் எடுத்துக்கொண்டான். ஊரின் மறுகோடியில் பஸ்ஸுக்கு சீட் தைக்கிற கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. "மெஷினையும் எடுத்துக்கோடா," என்றார். "அது நீ வாங்கினது," என்று சொல்லிப் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஜெபித்தவனை யார் குறை சொல்வார்கள்? "ஜெபம் பண்ணினதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போறவனை என்னங்க பண்றது," என்று பாஸ்டரே ஆறுதல் சொன்னார். அவரும் அதையே சொல்லிக்கொண்டார். திருடவில்லை, அடிக்கவில்லை, ஜெபம்தானே பண்ணினேன்? இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல ஊரெல்லாம் ஆளிருந்தது. ஆனால் பட்டறையில் ஒருவரும் இல்லை.

வருஷங்கள் ஓடின. மெஷின்மேல் போட்ட துணியை அவர் எடுக்கவேயில்லை. தையல் வேலையை வெளியே கொடுத்து வாங்கினார். பட்டறைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் அளவு தெரியாமல் இரண்டு பேருக்குப் பொங்குவார். மிஞ்சியதை மறுநாள் தின்பார். இரண்டு பேர் உட்காருகிற சோபாவைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உட்காரும்போது மறுமுனை துள்ளுகிறதா, அமுங்குகிறதா என்று இன்னொருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் மறுமுனையில் ஒரு மணல் மூட்டையை வைத்துவிட்டு இந்த முனையில் உட்காருவார். மூட்டை ஒன்றும் சொல்லாது. சிலசமயம் வேலை முடிந்த பிறகும் அப்படியே அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் மட்டும் நிற்கவில்லை. ஆனால் கண்ணை மூடினால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அதை அமுக்க அவர் குரலைக் கூட்டினார். சபை அதை ஆவியின் அபிஷேகம் என்றது.

ஒருநாள் ஃபோம் தூசி மூக்கில் ஏறி வாயில் ஆணியோடு தும்மினார். ஓர் ஆணி நாக்கில் ஏறிவிட்டது. டாக்டர் அதைப் பிடுங்கி, தையல் போட்டு, ஆறும்வரை வாய் திறக்கக் கூடாது என்று அனுப்பினார். "ஊருக்கெல்லாம் ஆணியடிச்சவருக்கு நாக்குல ஆணியடிச்சது யாருங்க?" என்று டயர் கடைக்காரர் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் சோபாக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த ஞாயிறு அவர் வெறுமனே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பதில் பாஸ்டர் கூட்டுகிற அக்காவைக் கூப்பிட்டார். அவள் தயங்கி எழுந்தாள். "ஆண்டவரே, நாம... இல்ல... நாங்க..." என்று நிறுத்தி, கண்ணைத் திறந்து நேராக சோபாக்காரரைப் பார்த்தாள். "ஐயா உக்காந்திருக்காருங்க. எனக்குத் தப்பு வந்துடும்," என்று உட்கார்ந்துவிட்டாள்.

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்த ஒருத்தியின் வாயைத் தான் அடைத்திருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒருத்தி மட்டும்தானா? தம்பிக்கு வராத வார்த்தை இப்போதாவது வருகிறதா? அது தெரியாமலேயே இத்தனை வருஷம் போயிருந்தது.

நாக்கு ஆறியது. பாஸ்டர் பழையபடி அழைத்தார். அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டு மைக்கின் முன்னால் நின்று, "ஆண்டவரே, நாங்கள்..." என்றார். அங்கேயே நின்றுவிட்டார். நாங்கள் என்பது எவ்வளவு பெரிய போர்வை! அதற்குள் சபையே படுக்கலாம். யார் எந்தப் பாவி என்று ஒருவருக்கும் தெரியாது. ஆண்டவரை வெளியே நிறுத்தத் தெரிந்த இலக்கணம் அவரிடம் இருந்தது, தன்னை உள்ளே காட்டுகிற சொல்தான் இல்லை. இத்தனை வருஷ ஜெபத்தில் ஒரு தடவைகூட 'நான்' என்று ஆரம்பித்ததாக நினைவில்லை. இப்போது ஆரம்பிக்கலாமென்றால், அடுத்த சொல் தம்பியின் வீட்டுக்குள் போய் நிற்கும். அதைச் சொல்ல இது இடமில்லை. வாய் திறந்தபடியே நின்றார். "சகோதரருக்கு நாக்கு இன்னும் சரியாகலை போல," என்று பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணி போர்த்தாத ஒரு சோபாச் சட்டத்தின்மேல் உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. வேதத் தமிழ் வரவில்லை. பேசுகிற தமிழ்தான் வந்தது.

"ஆண்டவரே, நான்தான். நான்தான் சொன்னேன். அவன் உங்ககிட்ட சொல்லச் சொன்னதை நான் கூட்டத்துக்குச் சொன்னேன். எல்லாரும் அழணும்னு சொன்னேன். அவங்க அழுதப்ப எனக்கு நல்லா இருந்துச்சு. அவன் எந்திரிச்சுப் போறது தெரிஞ்சும் நான் நிறுத்தலை. அதை ஜெபம்னு உங்க தலையில போட்டேன். என்னை மன்னிங்க. எனக்கு இதுக்கு மேல சொல்லத் தெரியலை."

ஆமென் சொல்ல மறந்துவிட்டார். வானம் ஒன்றும் திறக்கவில்லை. தெருவில் யாரோ டயரை உருட்டிக்கொண்டு போனார்கள். மூக்கு உறிஞ்ச ஆளில்லை, உறிஞ்சியது அவர்தான். ஆனாலும் வெகுநாளைக்குப் பிறகு, சொன்னதை ஒருவர் கேட்டுக்கொண்டார் என்பது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. இருட்டில் வீட்டுக்கு வந்தவனை யாரென்று கேட்காமல் கதவைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: இங்கேயே உட்கார்ந்திருந்தால் போதாது.

இரண்டு பஸ் மாறிப் போனார். தம்பி வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். வீட்டில் குழந்தைச் சாமான் எதுவும் கண்ணில் படவில்லை.

"உள்ள வாங்க மாமா. அவர் வர நேரம்தான்."

உள்ளே போய் உட்கார்ந்தார். தம்பியிடம் சொல்ல வந்தவர் எதிரே அவளைப் பார்த்ததும் திகைத்தார். முதலில் சொல்ல வேண்டியது இவளிடமல்லவா? இத்தனை நாளும் தம்பியைப் பற்றித்தானே யோசித்தோம்! எழுந்து நின்றார்.

"ஆண்டவருடைய கிருபையினாலே, அவருடைய சித்தத்தின்படி, நான்..."

"மாமா," என்று அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "ஜெபமா, பேச்சா? பேச்சுன்னா சாதாரணமாப் பேசுங்க."

அவர் மறுபடி உட்கார்ந்தார். "தப்புப் பண்ணிட்டேன்மா. உன் துக்கத்தை எடுத்து நான் பேரு வாங்கிக்கிட்டேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "எல்லாருக்கும் தெரிஞ்சதுகூடப் போகட்டும் மாமா," என்றாள். "அவிசுவாசம்னு ஒரு வார்த்தை சொன்னீங்க. உங்க வாயில வந்தா அது ஆண்டவரே சொல்ற மாதிரி. என் நம்பிக்கை குறைஞ்சதாலதான் புள்ளை தங்கலையோன்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டிருக்கேன். பாத்திரம் கழுவினாலும் அதான், படுத்தாலும் அதான்."

சோபாக்காரருக்கு உடனே நினைவு வந்தது. இதுதான் அந்தச் சொல். ஓரிடத்தில் வாக்கியம் இறங்கவில்லையே என்று அவர் தேடிப் பிடித்த சொல்.

"அது பொய்ம்மா," என்றார். "உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு குறையும் இல்லை. ஆண்டவரும் அப்படி ஒண்ணும் சொல்லலை. அதை நான்தான் சேத்தேன். மன்னிச்சுங்கற வார்த்தை வந்தா எடுப்பா இருக்குமேன்னு தோணுச்சு. மன்னிக்கறதுக்கு ஏதாவது ஒண்ணு வேணுமே... அதுக்காக அதைச் சேத்தேன்."

"வாக்கியத்துக்காகவா?"

"வாக்கியத்துக்காகத்தான்."

அவள் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். அழுதாளா என்று அவர் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தம்பி கடைசிப் பேச்சைக் கேட்டுவிட்டிருந்தான்.

"எப்ப வந்தே?" என்றான், யாரோ தெரிந்தவரைக் கேட்பதுபோல.

"இப்பத்தான்டா. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு, நான்தான் தப்புன்னு சொல்லிடறேன். மைக்ல சொன்னதை மைக்லயே..."

"வேண்டாம் மாமா," என்றாள் அவள், சட்டென்று முகத்தை எடுத்து. "மறுபடியும் எங்க கதையை அங்க எடுக்காதீங்க. இப்பத்தான் மறந்திருக்காங்க. உங்க மனசு ஆறணும்னு எங்களை இன்னொரு தடவை கொண்டுபோய் நிறுத்தாதீங்க."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். "அவ சொல்றதுதான்," என்றான் அவன். "நான் அங்க திரும்பி வரமாட்டேன் அண்ணே. பட்டறைக்கும் வரமாட்டேன். என்னைக் கூப்பிடாதே."

"சரிடா."

"ஜெபம் பண்றேன்னும் ஆரம்பிக்காதே."

"இல்லைடா."

தம்பி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவர் குடித்துவிட்டு டம்ளரை அவன் கையிலேயே கொடுத்தார். பஸ் நிறுத்தம்வரை அவன் கூட வரவில்லை. வாசல்வரை வந்தான்.

மறுவாரம் பாஸ்டரிடம் போய், இனிமேல் தன்னை ஜெபத்துக்குக் கூப்பிட வேண்டாம் என்றார். "என்ன விஷயம் சகோதரரே? மனசுல ஏதாவது பாவமா?" என்று கேட்டதற்கு, "ஆமாங்க, என் பாவம்தான். ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். விவரம் சொல்ல முடியாது," என்றார். தாழ்மையென்று நாலு பேர் பாராட்டவும் அதில் இடமில்லை. காரணம் தெரியாவிட்டால் ஊரே ஒரு காரணம் செய்துகொள்ளும். சோபாக்காரர் குடிக்கிறாராம் என்று ஒரு பேச்சு, பெண் விவகாரமாம் என்று இன்னொரு பேச்சு. வெளியே யாரிடம் போய் இல்லையென்பது? டயர் கடைக்காரர் முகத்துக்கு நேராகவே, "என்ன நாங்கள் ஐயா, விசுவாசத்துல பின்வாங்கிட்டீங்களாமே?" என்றார். "முன்னால போனதுதாங்க தப்பு," என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

ஒரு ஞாயிறு, அவர் இடத்துக்கு வந்த இளைஞன் கண்ணை மூடி, குரலை ஏற்றி இறக்கி, "உம்மைவிட்டுப் பின்வாங்கிப்போன எங்கள் மூத்த சகோதரனை நினைத்தருளும், அவருடைய மறைவான பாவங்களை மன்னியும்!" என்று ஜெபித்தான். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மூடிய கண்களோடே சபை முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. அந்த நிமிஷம் அவருக்குள் எரிந்தது. எழுந்து போய்விடலாம் என்று கால் துடித்தது. தம்பிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தார். அவனாவது ஒரு குற்றமும் செய்யாதவன். தன் விஷயத்தில், சொல்கிறவனுக்குத் தெரியாவிட்டாலும், ஜெபத்தில் பாதி உண்மைதான். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் சொன்னபோது அவரும் ஆமென் சொன்னார்.

சோபாக்காரர் இப்போதும் அதே பட்டறையில், அந்த ஒற்றை அறையில், தனியாகத்தான் இருக்கிறார். சபைக்குப் போகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார். தம்பி இதுவரை பட்டறைக்கு வரவில்லை. பண்டிகை, பெரிய நாள் எதற்கும் கூப்பிடவில்லை. தம்பி மனைவி எப்போதாவது போன் செய்து, "சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்பாள். அவள் இப்போது தங்கள் தெருவிலேயே உள்ள ஒரு சிறிய சபைக்குப் போகிறாள். தம்பி வாசல்வரை கொண்டுபோய் விடுகிறானாம். சோபாக்காரர் தினமும் காலையில், ஷட்டரைத் தூக்குவதற்கு முன், கொஞ்ச நேரம் ஆண்டவரோடு பேசுகிறார். அவர் என்ன பேசுகிறார் என்பது வெளியே யாருக்கும் தெரியாது.